தொலைமேசைச் சேவையகமும் பழுது தேடும் ஒழுங்கும்

ஒரு கருவியை அமைப்பதற்கு வேண்டும் அறிவு ஒன்று. அது பழுதுற்றவிடத்துக் காரணங்கண்டு நீக்குதற்கு வேண்டும் அறிவு மற்றொன்று. முன்னையது கையேடுகளில் எழுதிக் கிடக்கின்றது. அதனை வரிவரியாகப் பின்பற்றி ஒருவன் செய்து முடித்தல் கூடும். பின்னையது பொறுமையாலும் ஒழுங்காலும் வருவது. பிறர் எழுதிய குறிப்பினின்று அதனை அப்படியே கடன்கொள்ளல் இயலாது. இவ்வுண்மை எத்தொழிற்கும் பொதுவேயாயினும், இக்காலத்துக் கல்லூரிகளுக்குப் பெரிதும் பயன்படத்தக்க தொலைமேசைச் சேவையகத்தினிடத்து இது நன்கு விளங்கக் காணலாம். ஆதலின், லினக்ஸ் இயங்குதளத்தின்மேல் அதனை அமைக்கும் முறையையும், அதன்கண் நேரும் பழுதுகளை ஆராயும் நெறியையும் ஒருவாறு கூறி, அந்நெறியை மாணாக்கராகிய நாமே கைக்கொள்ளல் வேண்டும் என்பதை ஈண்டு வற்புறுத்தப் புகுகின்றேன்.

தொலைமேசை என்பது யாது? ஓரிடத்துள்ள கணினியின் திரையை வேறோரிடத்துள்ள கருவியிற் காண்பதும், அங்கிருந்து தட்டும் எழுத்துகளையும் நகர்த்தும் மவுஸின் அசைவுகளையும் அக்கணினிக்கு அனுப்புவதுமேயாம். சர்வர் என்று யாவரும் வழங்கும் சேவையகத்திலேயே வேலை முழுவதும் நடைபெறுகின்றது. மாணாக்கன் கையிலுள்ள கருவியோ அதனைக் காண்பதற்குரிய பலகணி மாத்திரமே. ஒரு சேவையகத்திற் பலர் ஒருங்கே நுழையலாம்; ஒவ்வொருவர்க்கும் தனித்தனி மேசைத்தளமும், தனித்தனிக் கோப்புகளும் உண்டு.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-ஆம் ஆண்டிலே தோன்றிய எக்ஸ் சாளர முறை, நிரல் ஓடும் கணினியும் திரை காட்டும் கணினியும் வெவ்வேறாக இருக்கலாம் என்னும் எண்ணத்தைத் தொடக்கமுதலே தன்னகத்துக் கொண்டிருந்தது. 1998-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சிக்கூடமொன்றினின்று வி.என்.சி. வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் என்.டி. 4.0 என்பதன் டெர்மினல் சர்வர் பதிப்போடு ஆர்.டி.பி. என்னும் தொடர்பு நெறியை வழங்கினர். லினக்ஸோ 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து நாட்டு மாணாக்கரால் தொடங்கப்பெற்றது. லினக்ஸின் மேசைத்தளத்தை ஆர்.டி.பி. நெறியின் வாயிலாகப் பிறர்க்குக் காட்டும் பாலமாக அமைந்ததே எக்ஸ்ஆர்டிபி என்னும் கட்டற்ற மென்பொருள். இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. விண்டோஸ் கணினியோடு வரும் தொலைமேசை நிரலாலும், லினக்ஸில் ரெம்மினா முதலிய நிரல்களாலும், கைப்பேசிக்குரிய நிரல்களாலும் இதனை அணுகுதல் கூடும்.

இதனாற் கல்லூரிக்கு வரும் பயன் யாது எனின், கூறுதும். நம் வகுப்புகளிற் புதிய மடிக்கணினி உடையாரும் உளர். மூத்தோர் பயன்படுத்திக் கழித்த பழங்கருவி உடையாரும் உளர். கைப்பேசியன்றி வேறொன்றும் இல்லாரும் உளர். பழைய நூலொன்றின் பக்கங்களைப் படம்பிடித்து, அவற்றை டெசராக்ட் என்னும் எழுத்துணரிக்குக் கொடுத்துத் தட்டச்சு வடிவாக்க முயலும் தமிழ் மாணாக்கனுக்கு ஆற்றல் மிக்க கணினி வேண்டும். புள்ளியியல் பயில்வார்க்கும் அவ்வாறே. ஒவ்வொருவரும் அத்தகைய கணினியை விலைகொடுத்து வாங்குதல் இயலாது. கல்லூரி ஒரு நல்ல சேவையகத்தை வாங்கி லினக்ஸை நிறுவிப் பொதுவில் வைப்பின், பத்தாண்டுப் பழைய கணினியும் அதன் ஆற்றலைப் பெறும். உடையார்க்கும் இல்லார்க்கும் இடையே உள்ள வேற்றுமை, வகுப்பு வேலையைப் பொறுத்தமட்டில், பெரிதும் நீங்கும். அசையும் படங்களைத் தொகுத்தல் போன்ற வேலைகளுக்கு இம்முறை ஏற்றதன்று என்பதையும் மறைத்தல் கூடாது. எழுதுதல், தேடுதல், கணக்கிடுதல், நிரல் இயற்றுதல் ஆகியவற்றுக்கு இது சாலும்.

இனி அமைக்கும் முறையைச் சுருங்கக் கூறுவல். டெபியன் என்னும் லினக்ஸ் வகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலாவது, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய மேசைத்தளம் ஒன்றை நிறுவுக. அலங்காரம் மிக்க மேசைத்தளங்கள் பலர் நுழையுங்கால் நினைவகத்தை விழுங்கிவிடும். இரண்டாவது, எக்ஸ்ஆர்டிபியையும் அதன் துணையாகிய எக்ஸ்ஆர்க்-எக்ஸ்ஆர்டிபியையும் நிறுவுக. மூன்றாவது, எக்ஸ்ஆர்டிபி என்னும் பயனர்ப் பெயரை எஸ்.எஸ்.எல்.-செர்ட் என்னும் குழுவிற் சேர்க்க. சேர்க்காவிடின் மறையாக்கத்திற்குரிய சாவியை அது வாசிக்கமாட்டாது. நான்காவது, ஒவ்வொரு பயனரின் இல்ல அடைவிலும் எக்ஸ்செஷன் என்னும் புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்பொன்றை வைத்து, எம்மேசைத்தளம் தொடங்கல் வேண்டும் என்பதை அதில் எழுதுக. உலாவி முதலியவற்றைத் திறந்து வேலை செய்யும் மாணாக்கர் ஒருவர்க்கு ஏறத்தாழ 2 கிகாபைட் நினைவகம் எனக் கணக்கிட்டால், 32 கிகாபைட் உடைய சேவையகம் ஒரு சிறு வகுப்பைத் தாங்கும். அமைத்தல் என்பது இவ்வளவே. ஒரு பிற்பகலில் முடியும் வேலை.

ஆனால் மறுநாட்காலையில் மாணாக்கன் ஒருவன் வந்து, "திரை கறுத்துக் கிடக்கின்றது" என்பான். மற்றொருவன், "இணைப்பே கிட்டவில்லை" என்பான். அப்பொழுதுதான் உண்மையான வேலை தொடங்குகின்றது. ஈண்டுப் பலர் செய்வது யாது? எல்லாவற்றையும் அழித்து மீண்டும் முதலிலிருந்து நிறுவுவர். அல்லது எங்கோ கண்ட கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்ப்பர். அல்லது ஃபயர்வால் எனப்படும் காவற்சுவரை அறவே நீக்கிவிடுவர். சிலபோது பழுது நீங்கவும் கூடும். ஆயினும் எதனால் நீங்கிற்று என்பது தெரியாமையின், மறுமுறை அது வரும்போது முன்போலவே திகைத்து நிற்பர்.

சுவிசேஷத்திற் கூறப்பட்ட பெண்ணொருத்தி, பத்து வெள்ளிக்காசில் ஒன்று காணாமற் போனபோது விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்குமளவும் கவனமாய்த் தேடினாள் என்பது நாமெல்லாம் அறிந்த உவமை. அவள் வீட்டை இடித்துக் கட்டவில்லை. கதவைக் கழற்றி எறியவுமில்லை. பழுது தேடுவார்க்கும் விளக்கொன்று உண்டு. அதுவே பதிவேடு. லினக்ஸ் சேவையகம் தான் செய்தவற்றையும், செய்ய முயன்று தோற்றவற்றையும் இடைவிடாது எழுதிவருகின்றது. எக்ஸ்ஆர்டிபிக்கு ஒரு பதிவேடும், அமர்வுகளை மேற்பார்க்கும் செஸ்மேன் என்னும் பகுதிக்கு மற்றொரு பதிவேடும் லாக் என்னும் அடைவில் உள்ளன. பயனரின் இல்ல அடைவிலே மேசைத்தளத்தின் பிழைகளைக் குறிக்கும் கோப்பும் இருத்தல் கூடும். இவற்றை வாசியாமல் மருந்து தேடுவது, நாடி பாராமல் மருத்துவம் செய்வதை ஒக்கும்.

வாசித்தற்கும் ஒரு முறை வேண்டும். இணைப்பு செல்லும் வழியை நான்கு வாயில்களாகப் பகுத்துக்கொள்வது நன்று. அவை வலையமைப்பு, துறை, நுழைவு, மேசைத்தளம் என்பன. முதல் வாயிலினின்று தொடங்கி ஒவ்வொன்றாகக் கடந்து செல்க; எந்த வாயிலில் தடை நேர்ந்ததோ அங்கேயே காரணத்தைத் தேடுக.

முதலிரண்டு வாயில்களையும் வேறுபடுத்தி அறிதற்கு ஓர் எளிய குறிப்புண்டு. நெடுநேரம் காத்திருந்து, காலம் கடந்தது என்று விடை வருமாயின், நாம் அனுப்பிய செய்தி சேவையகத்தை அடையவில்லை, அல்லது இடையிலுள்ள காவற்சுவர் அதனை ஓசையின்றி விழுங்கிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவ்வாறன்றி, இணைப்பு மறுக்கப்பட்டது என உடனே விடை வருமாயின், செய்தி அங்கே சென்றது, ஆனால் 3389 என்னும் எண்ணுடைய துறையிற் கேட்பார் எவரும் இல்லை என்பது பெரும்பாலும் பொருள். எக்ஸ்ஆர்டிபி ஓடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். இரண்டும் மாணாக்கனுக்கு "வேலை செய்யவில்லை" என்னும் ஒரே சொல்லாகத் தோன்றும். சொற்களின் நுண்ணிய வேற்றுமையைக் காணப் பயின்றவனுக்கோ அவை இரு வேறு செய்திகளாம்.

மூன்றாம் வாயிலிலே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அங்குத் தடை நேரின் செஸ்மேனின் பதிவேடு காரணத்தைக் கூறும். நான்காம் வாயிலே மிகுதியும் மயக்கந் தருவது. கடவுச்சொல் ஏற்கப்பட்டும் திரை கறுத்துக் கிடக்கும், அல்லது சாளரம் தோன்றியவுடன் மறையும். இதன் பொருள், நுழைவு நன்றாகவே நடைபெற்றது, மேசைத்தளமே தொடங்கவில்லை என்பது. பயனர் ஒருவர் சேவையகத்தின் எதிரே அமர்ந்து முன்னரே நுழைந்திருக்க, அதே பெயரால் தொலைவிலிருந்தும் நுழைய முயன்றால் இவ்வாறு நேர்தல் உண்டு; எக்ஸ்செஷன் கோப்பில் எழுதிய மேசைத்தளம் நிறுவப்படாமல் இருப்பினும் நேரும். காவற்சுவரைத் தகர்த்தலால் இப்பழுது ஒருநாளும் நீங்காது. ஏனெனில் இணைப்பு அச்சுவரை முன்னரே கடந்து வந்துவிட்டது. ஒழுங்கின்றித் தேடுவார் செய்யும் தீங்கு இதனால் விளங்கும்: பழுது ஓரிடத்ததாக, அவர் வேறோரிடத்தைக் கெடுப்பர்.

தமிழ் பயில்வார்க்குரிய பழுதுகளும் சில உள. தமிழ் எழுத்துகள் வெறுங்கட்டங்களாகத் தோன்றின், எழுத்துரு நிறுவப்படவேண்டிய இடம் மாணாக்கனது கருவியன்று, சேவையகமே. ஏனெனில் திரை வரையப்படுவது அங்கே. நோட்டோ, லோகித் முதலிய தமிழ் எழுத்துருக்களை ஒருமுறை சேவையகத்தில் நிறுவினால் அனைவர்க்கும் பயன்படும். இவ்வாறே, 1999-இல் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் சேவையகத்திலேயே அமைதல் வேண்டும். தன் கருவியிலும் தமிழ் விசைப்பலகையை இயக்கி, சேவையகத்திலும் இயக்கினால், தட்டிய எழுத்து இருமுறை மாற்றப்பட்டுச் சிதையும். தன் கருவியை ஆங்கிலத்தில் வைத்துச் சேவையகத்தில் மட்டும் தமிழை இயக்குக. எங்கே எது நடைபெறுகின்றது என்னும் ஒரு வினாவே இவ்விரண்டு பழுதுகளையும் தீர்த்துவிடுகின்றது.

மற்றொரு பழுது மெல்ல வளர்வது. மாணாக்கன் சாளரத்தை மூடினாலும் அவன் அமர்வு சேவையகத்தில் உயிரோடு நிற்கும். மின்சாரம் போயினும் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை கெடாது என்பதனால் இது நன்மையே. ஆயின் முறைப்படி வெளியேறாத பலருடைய அமர்வுகள் நாட்கணக்கில் தேங்கினால் நினைவகம் நிரம்பும். அப்பொழுது லினக்ஸ் ஏதேனும் ஒரு நிரலைத் தானே நிறுத்தும். தேங்கிய அமர்வுகளை முடிக்கும் கால எல்லையைச் செஸ்மேனின் அமைப்புக் கோப்பிற் குறிக்கலாம். அதனினும் சிறந்தது, வேலை முடிந்தவர் தாமே வெளியேறும் நல்வழக்கம். பொதுக்கிணற்றில் நீர் மொண்டவர் கயிற்றை அவிழ்த்து அடுத்தவர்க்கு விட்டுச்செல்வது போன்றது அது.

ஈண்டுச் சிலர் கூறும் மறுப்புகளை ஆராய்தல் கடன். "அழித்து நிறுவினால் ஒரு மணி நேரத்தில் முடியுமே, பதிவேடு வாசித்துக் காலங்கழிப்பானேன்?" என்பர் ஒரு சாரார். தேர்வு நாளன்று அவ்வாறு செய்ய நேரிடலாம் என்பதை மறுக்கின்றிலேன். ஆயினும் அழிப்பதன் முன் பதிவேட்டையேனும் படியெடுத்து வைத்தல் வேண்டும். காரணம் அறியப்படாத பழுது நீங்கியதன்று, ஒளிந்திருப்பது. அன்றியும், கையேடுகள் விரைவிற் பழமையடைகின்றன. நெடுங்காலம் எக்ஸ் முறையின்மேல் நின்ற லினக்ஸ் மேசைத்தளங்கள், 2008-இல் தொடங்கிய வேலண்ட் என்னும் புதுமுறைக்கு மாறிவருகின்றன. 2024-இல் வெளியான க்னோம் 46 பதிப்பு, தொலைவிலிருந்து நேரே நுழையும் வசதியைத் தானே தந்தது. எக்ஸ் முறைக்கென எழுதிய குறிப்புகள் பல அங்குப் பயன்படா. கட்டளைகள் மாறும், வாயில் வாயிலாக ஆராயும் ஒழுங்கு மாறாது.

"விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் அணுகுதற்கு 3389-ஆம் துறையை இணையமுழுதுக்கும் திறந்துவிடுக" என்பர் மற்றொரு சாரார். இதனை நான் வன்மையாக மறுக்கின்றேன். திறந்த துறைகளைத் தேடி, கடவுச்சொற்களை ஓயாது ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இணையமெங்கும் இரவும் பகலும் உலாவுகின்றன. 2019-இல் விண்டோஸின் பழைய பதிப்புகளது ஆர்.டி.பி.யில் வெளிப்பட்ட புளூகீப் என்னும் ஓட்டை, கடவுச்சொல்லே இன்றி உள்நுழைய இடந்தருவதாயிருந்தது. அஃது எக்ஸ்ஆர்டிபியின் குறையன்றெனினும், இத்தகைய வாயிலை உலகத்தார் அனைவர்க்கும் எதிரே வைத்தலின் இடரை நன்கு காட்டிற்று. ஒரு சேவையகத்திற் கள்வன் புகுந்தால் இழப்பது ஒருவனுடைய வேலையன்று. அதனை நம்பிய அனைவருடைய ஆண்டு முழுவதன் உழைப்பும் ஆம். தன் வீட்டில் வேறு கணினி உடையவன் அவ்விழப்பைத் தாங்குவான். அச்சேவையகத்தையே கணினியாகக் கொண்ட ஏழை மாணாக்கன் தாங்கான்.

இதற்கு நல்வழி இல்லையோ எனின், உண்டு. பின்லாந்தில் 1995-இல் தோன்றிய எஸ்.எஸ்.எச். என்னும் மறைவழியினூடே ஆர்.டி.பி. இணைப்பைச் செலுத்தலாம், அவ்வழிக்குக் கடவுச்சொல்லை விடுத்துச் சாவிக்கோப்பை மட்டும் ஏற்குமாறு செய்யலாம். அல்லது, 2020-இல் லினக்ஸின் கருவோடு சேர்க்கப்பட்ட வயர்கார்டினால் கல்லூரிக்கெனத் தனி வலையொன்றை அமைக்கலாம். மூலப்பயனர் தொலைவிலிருந்து நுழைதலைத் தடுத்தலும், கோப்புகளை நாடோறும் வேறோரிடத்திற் படியெடுத்து வைத்தலும் இன்றியமையாதன. இவற்றைக் கற்க மாணாக்கர்க்குச் சிறிது நேரம் செல்லும். அச்சிறு வருத்தம் பொதுநலத்திற்கு நாம் செலுத்தும் வரியெனக் கொள்க.

"இவையெல்லாம் கணினித் துறையார் கடன், இலக்கியம் பயில்வானுக்கு இதில் என்ன வேலை?" என்பது மூன்றாம் மறுப்பு. என் கருத்து இதற்கு நேர்மாறானது. ஒரு சூத்திரத்தின் பொருள் விளங்காதவிடத்து அதனைத் தள்ளிவிடாமல், சொல் பிரித்து, முன்னும் பின்னும் நோக்கி, பாடம் ஒப்பிட்டு, பொருள் காண்பதே நாம் வகுப்பிற் பயிலுவது. பதிவேட்டை வாசித்தற்கும் வேண்டுவது அப்பயிற்சியே. சுருங்கிய வாசகத்தின்முன் அஞ்சாமை நமக்குப் பழக்கமானது. அன்றியும், இவ்வறிவு தமிழில் எழுதப்படாதவரை, ஆங்கிலத்தில் விரைந்து படிக்க வல்லார் சிலர்க்கே உரியதாய் நிற்கும்.

ஆதலால் நான் வேண்டுவது இது. இத்தகைய சேவையகம் அமையும் ஒவ்வொரு கல்லூரியிலும் அதன் அருகே ஒரு பழுதுக் குறிப்பேடு வைக்கப்படல் வேண்டும். நேர்ந்த நாள், மாணாக்கன் கண்ட குறி, பதிவேடு கூறியது, தடை நேர்ந்த வாயில், உண்மைக் காரணம், செய்த மாற்றம் என்னும் ஆறனையும் அதிலே தெளிந்த தமிழில் எழுதுக. அறிவியல் மாணாக்கர் காரணம் காண்க. தமிழ் மாணாக்கர் உடனிருந்து வாசித்து, எவர்க்கும் விளங்குமாறு எழுதுக. மூன்றாண்டில் நாம் கல்லூரியை விட்டு நீங்குவோம். நாம் கண்டறிந்தவை நம்மோடு நீங்குதல் கூடாது. அடுத்து வருவோன் கறுத்த திரையின்முன் நிற்குங்கால், தனக்கு முன் ஒருவன் அங்கே நின்று வழி கண்டான் என்பதை அக்குறிப்பேடு அவனுக்குச் சொல்லும்.

பொருள் செலவிட்டு வாங்கிய கருவி சில்லாண்டுகளிற் பழையதாகும். அதனைக் காக்கப் பயின்ற அறிவோ, பயின்றவரோடு எங்குஞ் சென்று, அடுத்த கருவிக்கும் உதவும். இதனை மாணாக்கரும் ஆசிரியரும் பழைய மாணவரும் சீர்தூக்கி நோக்கி, ஆவன செய்வார்களாக. நன்முயற்சிகட்கெல்லாம் துணைநிற்கும் ஆண்டவர் இம்முயற்சிக்கும் அருள்புரிவாராக.